மூலை சேரும்வரை

பிப்ரவரி 9

வெள்ளை ஹெல்மெட் கொடுத்துவிட்டார்கள். மஞ்சளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இத்தனை வருஷம் என் வியர்வையில் ஊறிய மஞ்சள். ஸ்டோர்காரர் அதைச் செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கி ஓரமாகப் போட்டார். வெள்ளை எடை குறைவுதான். தலைக்கனம்தான் எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டது. வீடு வரை கழற்றவே இல்லை. இவள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "உள்ளயும் ஏதாவது இடிஞ்சு விழும்னு பயமா?" என்றாள்.

வெளிச்சுவர்ப் பூச்சு மேற்பார்வையாளர். ஆறு மாதம் சோதனைக் காலம். சரிப்படவில்லை என்றால் மறுபடி சாரத்தில் ஏறவேண்டியதுதான் என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களிடம்தான் எனக்குப் பயம்.

சாரத்தின் மேல்தட்டில் என் இடத்தை மாப்ளைக்குக் கொடுத்தேன். இவளுடைய தம்பி. நான் முன்னால் கரண்டியால் இழுத்துப் போட, அவன் பின்னாலேயே கட்டையால் தேய்த்துக்கொண்டு வருவான். வருஷக்கணக்காக அப்படித்தான். ஆட்கள் எங்களை ரெட்டை மாடு என்பார்கள். இன்று ஒரு மாடு மேலே, ஒரு மாடு கீழே. "மாமா, வெள்ளையில கலவை தெறிச்சா அப்பட்டமா தெரியும். எங்க பக்கம் வந்துடாதீங்க" என்று மேலேயிருந்து குரல் கொடுத்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 13

முதல் உத்தரவு. சாரத்தில் ஏறுகிறவர்கள் போனைக் கீழே பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு ஏறவேண்டும். டப்பா என் பொறுப்பில். போன மாதம் ஒருவன் போன் மேலேயிருந்து நழுவி, கலவை கலக்குகிறவர் காதோரமாகப் போய் வாளிக்குள் விழுந்தது. கொஞ்சம் விலகியிருந்தால் ஆள் இல்லை.

முணுமுணுத்தார்கள். வீட்டிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்கள். நான் எதற்கு இருக்கிறேன், நான் எடுத்துச் சொல்ல மாட்டேனா என்றேன். அப்போதும் யாரும் அசையவில்லை. மாப்ளதான் முன்னால் வந்து தன் போனை முதலில் டப்பாவில் போட்டான். "மாமா சொன்னா சொன்னதுதான்" என்றான். அதற்குப் பிறகு எல்லாரும் போட்டார்கள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

வேலை இல்லாத நாள். சும்மா இருக்க முடியாமல் வீட்டுச் சுவரைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இவளுக்கு எரிச்சல். சண்டை. பாதியில் செருப்பை மாட்டினேன். வாசலை மறித்துக்கொண்டு, "மூலை சேர்த்துட்டுப் போங்க" என்றாள். சிரித்துவிட்டேன். சண்டை முடிந்தது.

எங்கள் தொழில் பேச்சு வீட்டுக்குள் புகுந்த கதை இது. வெளிப்பூச்சில் ஒரே சட்டம்தான். ஆரம்பித்த சுவரை மூலை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்காமல் யாரும் இறங்கக்கூடாது. மேல்தட்டுக்காரன் முன்னால் போவான், அடுத்த தட்டுக்காரன் ஓர் எட்டு பின்னால், அதற்கும் கீழே இருப்பவன் இன்னும் ஓர் எட்டு பின்னால். படிக்கட்டு நகர்கிற மாதிரி எல்லாரும் சேர்ந்து நகரவேண்டும். ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த கரண்டி வந்து சேரவேண்டும். காய்ந்துவிட்டால் ஒட்டு விழும். உச்சிவெயிலில் அது கண்ணுக்குத் தெரியாது. சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது தழும்பு மாதிரி எழுந்து நிற்கும்.

கல்யாணமான புதிதில் இதை இவளுக்கு விலாவாரியாக விளக்கியது என் தப்பு. அன்றிலிருந்து எந்தச் சண்டையையும் பாதியில் விட்டுப் போக முடிவதில்லை.

இந்த வீட்டில் பாதியில் நிற்பது ஒரே ஒரு சுவர்தான். அத்தைக்கும், அதாவது இவளுடைய அம்மாவுக்கும், மாப்ளைக்கும் நடுவில். போன வருஷம் அவன் தனியாக வீடு எடுத்துக்கொண்டு போனான். போகிறேன் என்று சொன்ன விதம் சரியில்லை என்பது அத்தையின் கட்சி. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பது அவன் கட்சி. அன்றிலிருந்து பேச்சில்லை. வாரா வாரம் அக்காவிடம் ஆரஞ்சு கொடுத்தனுப்புகிறான். அத்தை, அது மரத்திலிருந்து நேராக மேசைக்கு வந்தது மாதிரி உரித்துச் சாப்பிடுகிறாள். யார் வாங்கியது என்று கேட்டதே இல்லை. புளிக்கிறது என்று மட்டும் சொல்வாள், அவன் காதுக்குப் போகட்டும் என்று.

மார்ச் 5

கிழக்குச் சுவர் போச்சு.

தர ஆய்வாளருக்கு நாங்கள் வைத்த பெயர் டார்ச். சாயங்கால வெயிலுக்குக்கூடக் காத்திருக்க மாட்டார். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிவைத்து அடிப்பார், உள்ள குறையெல்லாம் நிழலோடு எழுந்துவிடும். நடுவில் தலையிலிருந்து கால்வரை ஒட்டு. கலவை வர நேரமானது, ஓரம் காய்ந்துவிட்டது. மேற்பார்க்க வேண்டியவன் நான். சுரண்டித் திரும்பப் போடச் சொல்லிவிட்டார்.

மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "இன்னொரு ஒட்டு விழுந்துச்சுன்னா ஸ்டோர்ல போய் உங்க மஞ்சளை வாங்கிக்கங்க."

மார்ச் 6

நாள் முழுக்கச் சுரண்டும் சத்தம். பல் கூசுகிறது.

மார்ச் 19

நாளைக்கு மேற்குச் சுவர். இருப்பதிலேயே பெரியது. மற்ற சுவர்களில் நடுநடுவே பள்ளக்கோடு இருக்கும், முடியாவிட்டால் அங்கே நிறுத்திக்கொள்ளலாம். இதில் கோடே கிடையாது. வெறும் சுவராக, ஒரே விரிப்பாக வேண்டும் என்று வரைபடம் போட்டவர் ஆசைப்பட்டிருக்கிறார். ஆசைப்படுகிறவருக்கு என்ன, கரண்டி பிடிப்பவனுக்கல்லவா தெரியும். கலவை இன்றைக்கே கணக்காக இறக்கியாகிவிட்டது. மாப்ளையிடம் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை போனதும், "மாமா, போய்த் தூங்குங்க. மூலையில உங்களைப் பாக்கிறேன்" என்றான்.

மார்ச் 21

நேற்று எழுதவில்லை. எழுத முடியவில்லை. இன்று வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நானே மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

சுவர் பாதியைத் தாண்டியிருந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் டார்ச்சும் மேலாளரும் சேர்ந்து வருவதாகத் தகவல். டப்பாவில் மாப்ளையின் போன் அடித்து ஓய்ந்தது. உடனே என் போன் அடித்தது. இவள்.

"அம்மா பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். வாய் லேசா கோணியிருக்கு, ஆனா பேசுறாங்க. தம்பிய வரச் சொல்றாங்க. அவன்கிட்ட பேசணுமாம்."

ஒரு வருஷத்துக்குப் பிறகு. அத்தையே கூப்பிடுகிறாள். அது எனக்குப் புரியாமல் இல்லை.

புரிந்தும் என் வாய் சொன்னது இதுதான்: "அனுப்பறேன். மூலை சேர்ந்ததும் உடனே அனுப்பறேன்."

இவள், "சீக்கிரம்" என்று மட்டும் சொன்னாள்.

பேசுகிறாள் என்றாளே, அதைப் பிடித்துக்கொண்டேன். பேசுகிறவளுக்கு என்ன ஆகிவிடும்? இன்னும் கொஞ்சம் சுவர்தானே? நிமிர்ந்து பார்த்தேன். மேல்தட்டில் மாப்ள கரண்டியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன என்று கையைத் திருப்பிக் கேட்டான். நான் ஒன்றுமில்லை, நீ போடு என்று கையை ஆட்டினேன்.

அவன் திரும்பிக்கொண்டு போட ஆரம்பித்தான்.

மூலை சேர்ந்தது. அப்போதும் அவன் கரண்டியைக் கழுவி வாளியில் வைத்துவிட்டு, "எப்படி மாமா?" என்று கேட்டுக்கொண்டுதான் இறங்கினான். சொன்னேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்தான். கையைக்கூடக் கழுவவில்லை, ஓடினான். நான் பின்னால் போனபோது ஆஸ்பத்திரித் தரை முழுக்க அவன் காலணிச் சுவடு, மணல் நிறத்தில். யாரோ துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் போய்ச் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் அத்தைக்குப் பக்கவாதம் இரண்டாவது தடவை வந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லையாம். பேச்சு போய்விட்டது. கண்ணைத் திறந்து அவனைப் பார்க்கிறாள். அவன் கட்டில் ஓரத்தில் நின்று அம்மா அம்மா என்கிறான். வாயைத் திறக்கிறாள். ஒன்றும் வரவில்லை.

மார்ச் 22

என்ன சொல்ல வந்தாள்?

இவளிடம் கேட்டேன். இவளுக்கும் தெரியாது. அவனிடம்தான் சொல்வேன் என்றாளாம்.

மார்ச் 23

ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சில் இவளும் நானும். இவள், அவனிடம் எப்போது சொன்னீங்க என்று கேட்டாள். மூலை சேர்ந்த பிறகு என்றேன். அது இவளுக்குத் தெரிந்ததுதான். என் வாயால் கேட்கவேண்டியிருந்தது போலிருக்கிறது. நான் விளக்கினேன். கோடில்லாத சுவர், மேல்தட்டுக்காரன் இறங்கினால் எல்லாத் தட்டும் நிற்கும், போன தடவையே ஒட்டு விழுந்தது, மேலாளர் சொன்னது. நானே கேட்டுக்கொண்டிருந்தேன், எவ்வளவு ஒழுங்காகச் சொல்கிறேன் என்று.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இவள் சொன்னாள்:

"நீங்க ஏறியிருக்கலாமே."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்கிற மாதிரி.

அது எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. அவனை இறக்கலாமா, வேண்டாமா என்று இரண்டு வழிதான் யோசித்தேன். அது என் இடம்டா. வருஷக்கணக்கா நான் நின்ன பலகை. அவன் கரண்டியை வாங்கிக்கிட்டு, நீ போடான்னு அனுப்பிச்சிருந்தா சுவரும் நின்னிருக்காது, ஒட்டும் விழுந்திருக்காது. அரை நிமிஷம். சட்டை அழுக்காகும், அவ்வளவுதானே? வெள்ளையில தெறிச்சா தெரியும்னு அன்னைக்கு அவன் விளையாட்டாச் சொன்னான். நான் அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டேன் போலிருக்கு.

சரி, ஏறத் தோன்றவில்லை. ஒட்டு விழட்டும் என்றாவது விட்டிருக்கலாமே? சுரண்டித் திரும்பப் போட ஒரு நாள். ஒரு நாள் வேலை.

மார்ச் 27

டார்ச் மேற்குச் சுவரை ஒப்புக்கொண்டார். மூலைக்கு மூலை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒரே கையால போட்ட மாதிரி இருக்கு" என்றார். மேலாளர் என் தோளில் தட்டினார். சுவருக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். மாப்ள லீவு. நான் மட்டும் நின்றேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அத்தையை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். வலது கை சரியாக வரவில்லை. நடக்கிறாள், பிடித்துக்கொண்டு.

ஒரு வார்த்தை திரும்பி வந்திருக்கிறது. "சரி."

அது ஒன்றுதான். பசிக்கிறதா? சரி. விளக்கை அணைக்கவா? சரி. வலிக்கிறதா? சரி. சிலருக்கு இப்படி ஒற்றை வார்த்தை மட்டும் தங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். அது அவர்கள் நினைத்துச் சொல்வதாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாமாம். வாழ்க்கையில் எதற்கும் லேசில் சரி என்று சொல்லாத மனுஷி. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்க வந்து, இவ்வளவு தன்மையாக ஆகிவிட்டாரே என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மாப்ள தினமும் வேலை முடிந்து வருகிறான். ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டுகிறான். ஆரஞ்சை உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாகக் கொடுக்கிறான். இன்று நான் கூடத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து கேட்டது.

"புளிக்குதா?"

"சரி."

"அன்னைக்கு எதுக்கும்மா கூப்பிட்டே? திட்டறதுக்கா?"

"சரி."

"இல்ல, திரும்பி வந்துடுன்னு சொல்லவா?"

"சரி."

"ஒண்ணு சொல்லும்மா. ரெண்டுக்கும் சரின்னா எப்படி?"

"சரி."

சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு எழுந்து பின்பக்கம் போனான். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் செய்தித்தாளின் அதே பக்கத்தில் இருந்தேன்.

ஏப்ரல் 26

சொல்லிவிடவேண்டும். அவனுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொன்னால் அடிப்பானோ? அடித்தால்கூடப் பரவாயில்லை.

மே 2

சாரம் பிரிக்கிற நாள். குழாய்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மாப்ள மேற்குச் சுவருக்கு எதிரில் மணல் குவியல்மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்னைக்கு அக்கா போன் பண்ணினது என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"தெரியும் மாமா. மேல இருந்தா கீழ நடக்கிறது எல்லாம் தெரியும்."

அக்கா சொன்னாளா என்று கேட்டேன்.

"அக்கா சொல்லல. மேலாளர் போன்னா நீங்க விறைப்பா நிப்பீங்க. அக்கா போன்னா ஹெல்மெட்டைக் கழட்டித் தலையைச் சொறிவீங்க. அன்னைக்குச் சொறிஞ்சீங்க." பாட்டிலை மூடினான். "அப்புறம் என்னைப் பாத்தீங்க. நான் என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்லைன்னீங்க. நம்பிட்டேன்."

நான் மன்னிப்பு என்று ஏதோ சொன்னேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை, குழாய்ச் சத்தம். அவன் சுவரைப் பார்த்தான். சாயங்கால வெயில் அதன்மேல் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. ஒரு தழும்பு இல்லை. இந்தக் கையால் இத்தனை சுவர் போட்டிருக்கிறேன், இதுபோல் ஒன்று போட்டதில்லை.

"நல்லாத்தான் வந்திருக்கு" என்றான். எழுந்து போய்விட்டான்.

திட்டியிருக்கலாம்.

மே 11

மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டான். ஆற்றுக்கு அந்தப்பக்கக் கட்டடம். போகும்போது டப்பாவிலிருந்து போனை எடுத்துக்கொண்டு, "வரேன் சார்" என்றான். மற்றவர்கள் வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

மே 24

என் வீட்டுக்கே வந்து என்னைப் பார்த்து, "வணக்கம் சார்" என்கிறான். கதவைத் திறந்தது நான்.

ஜூன் 14

இவளோடு சண்டை. காரணம் ஒன்றுமில்லை, துண்டை எங்கே காயப்போடுவது என்று ஆரம்பித்தது. பாதியில் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனேன். நின்றேன். செருப்பை மெதுவாக மாட்டினேன். இவள் உள்ளே போய் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக்கொடுத்தாள்.

கடைத்தெருவைச் சும்மா சுற்றிவிட்டு வந்தேன். மார்ச்சுக்குப் பிறகு இவள் மூலை என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை.

ஜூலை 3

மழை. வேலை இல்லை.

ஆகஸ்ட் 10

வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. மேலாளர் கை குலுக்கினார். இனி இரண்டு கட்டடமும் என் பார்வையில், ஆற்றுக்கு அந்தப்பக்கமும் சேர்த்து. அவர் அறையில் என் படம் மாட்டியிருக்கிறது, மேற்குச் சுவருக்கு முன்னால் நான். வெள்ளை ஹெல்மெட் பளிச்சென்று இருக்கிறது. ஒரு பொட்டுக் கலவை இல்லை.

வீட்டில் சொன்னேன். இவள் சந்தோஷம் என்றாள். அத்தையிடம் போய்ச் சொன்னேன். "சரி" என்றாள்.

அத்தையிடம் இன்னொன்றும் சொன்னேன். இவள் கடைக்குப் போயிருந்தாள். அன்றைக்கு அவன் வராமல் இருக்கவில்லை அத்தை, நான்தான் அனுப்பவில்லை என்றேன். பிள்ளை வரவில்லையே என்று நினைத்துக்கொண்டிருப்பாளோ என்று ரொம்ப நாளாக ஒரு பயம். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு என்னவோ செய்தது. "சரி" என்றாள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

செப்டம்பர் 8

ஆற்றுக்கு அந்தப்பக்கம் மேஸ்திரி வேலை காலியாகியிருக்கிறது. யாரைப் போடலாம் என்று மேலாளர் கேட்டார். மாப்ளையின் பெயரைச் சொன்னேன். நல்லது செய்துவிட்டோம் என்று மனசு ஒரு துள்ளு துள்ளியது. மேலாளர் சிரித்தார். ஆட்களே வந்து அவன்தான் வேண்டும் என்று கேட்டுவிட்டார்களாம். போன வாரமே முடிவாகிவிட்டதாம். என்னிடம் சும்மா கேட்டுப் பார்த்திருக்கிறார்.

செப்டம்பர் 20, ஞாயிறு

அத்தை இன்று மாப்ள உரித்துக் கொடுத்த சுளையில் ஒன்றை எடுத்து அவன் வாயில் வைத்தாள். இடது கையால். அவன் மென்றுகொண்டே, "புளிக்குதும்மா" என்றான். இவள் சமையலறைக்குள் போய்விட்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அக்டோபர் 16

ஆற்றுக்கு அந்தப்பக்கம் பார்வையிடப் போனேன். மேஸ்திரியாக அவன் பொறுப்பில் வருகிற முதல் பெரிய சுவர். கீழே மேஸ்திரியைக் காணோம். அவன் வெள்ளை ஹெல்மெட் கலவைக்காரருக்குப் பக்கத்தில் ஒரு கல்மேல் கிடந்தது. எங்கே என்று கேட்டேன். கலவைக்காரர் கரண்டியால் மேலே காட்டினார். மேல்தட்டுக்காரனுக்கு வீட்டிலிருந்து போன் வந்திருக்கிறது, மனைவிக்கு வலி எடுத்துவிட்டதாம். மேஸ்திரி அப்போதே ஆளை இறக்கி அனுப்பிவிட்டு, தானே மஞ்சளை வாங்கி மாட்டிக்கொண்டு ஏறிவிட்டாராம். "பேசிக்கிட்டே ஏறிட்டார் சார். சுவர் நிக்கவே இல்ல" என்றார், ஏதோ வித்தை பார்த்த மாதிரி.

அது வித்தை இல்லை. ஏணியில் ஏறுவதுதான்.

நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். சுவர் பாதியைத் தாண்டியிருந்தது. கீழ்த்தட்டு ஆட்கள் அவனுக்குப் பின்னால் ஒவ்வோர் எட்டாக வந்துகொண்டிருந்தார்கள். அவன் கை இழுப்பது தெரிந்தது; நான் இழுக்கிற மாதிரியே கடைசியில் ஒரு சின்ன வளைவு. என்னைப் பார்த்துப் பழகிய கைதானே.

அப்போது என் போன் அடித்தது. இவள். கூடத்து பல்பு போய்விட்டது, வரும்போது வாங்கி வரச் சொன்னாள். எத்தனை வாட் என்று கேட்டேன். பழைய பல்பைப் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தேன்.

மேலே பார்த்தபோது மாப்ள கரண்டியை நிறுத்தியிருந்தான். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் கவனித்தேன்: ஹெல்மெட் என் அக்குளில் இருந்தது, கை தலையில் இருந்தது.

என்ன என்று கையைத் திருப்பிக் கேட்டான்.

நான் ஒன்றுமில்லை, நீ போடு என்று கையை ஆட்டினேன்.

கரண்டியை வாளியில் போட்டுவிட்டு அவன் இறங்க ஆரம்பித்தான். நான் மறுபடி கையை ஆட்டினேன், இரண்டு கையையும் ஆட்டினேன், ஒன்றுமில்லை மாப்ள என்று கத்தினேன். ஒவ்வொரு தட்டாக இறங்கி வந்தான். வேகமாக வந்ததில் மூச்சு வாங்கியது.

"அம்மாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல மாப்ள. பல்பு வாங்கிட்டு வரச் சொன்னா. அவ்வளவுதான்."

என் முகத்தைப் பார்த்தான். பிறகு என்னைத் தாண்டிப் போய், அங்கேயும் வைத்திருந்த போன் டப்பாவைத் திறந்து, தன் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டான். அம்மாகிட்ட குடு என்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன். போனுக்குள்ளிருந்து "சரி" என்று கேட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். இன்னொரு தடவை ஏதோ கேட்டான். இன்னொரு "சரி."

போனை டப்பாவில் வைத்தான். "வரேன் சார்" என்று சொல்லிவிட்டு ஏறினான். அவன் மேலே போய்ச் சேர்வதற்குள் ஓரம் காய்ந்துவிட்டது. காற்று வேறு அடித்தது. கீழேயிருந்தே எனக்குத் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் விட்ட இடத்தில் கரண்டியை வைத்து மூலை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். வெயில் சாய்ந்ததும் ஒட்டு எழுந்து நின்றது, சுவர் நடுவில், தலையிலிருந்து கால்வரை. ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் யாரையும் எதுவும் சொல்லவில்லை.

பார்வையிட்ட தாளை நான்தான் நிரப்பவேண்டும். ஒட்டு விழக் காரணம் என்று ஓர் இடம் இருக்கிறது. மேல்தட்டில் இருந்தவர் பாதியில் இறங்கினார் என்று எழுதலாம். பொய் இல்லை. மேற்பார்வையாளர் என்று எழுதினேன். மேலாளர் கூப்பிட்டு விளக்கம் கேட்பார். கேட்கட்டும்.

சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று அடுத்த இடம். சுரண்டித் திரும்பப் போட ஒரு நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.